ஜி. என். இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) இந்தியாவைச் சேர்ந்த இயற்பியலாளரும் உயிரியற்பியலாளரும் ஆவார். ஜி. என். இராமச்சந்திரன் என்னும் பெயரிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் முதன்மைப் புரதமான கொலாஜன், மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட முச்சுருள் அமைப்புடையது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1954, 1955 ஆம் ஆண்டுகளில் எடுத்துக்காட்டினார். புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்க இயலும், எவ்வாறு மடங்க இயலாது என்பதைக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் 1963 ஆம் ஆண்டு இவரது குழுவிலிருந்து வெளிவந்தது.

இவ்விரண்டு ஆக்கங்களும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. முதலாவது, பந்துகளும் குச்சிகளும் கொண்டு கையால் அமைக்கப்பட்ட ஒரு மாதிரியாக உருவானது. அந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருப்பதாக எழுந்த மறுப்பே இரண்டாவது ஆக்கத்திற்கு வித்திட்டது.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரன் கேரளத்தின் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெயரின் முன்னுள்ள கோபாலசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள ஓர் ஊராகும். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பின்னர் அதன் முதல்வராகவும் பணியாற்றியவர். கணிதத்தில் இவருக்கு இளமையிலேயே ஏற்பட்ட பற்றுக்குத் தந்தையே காரணமாக அமைந்தார்.

திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப்படிப்பை 1942 ஆம் ஆண்டு முடித்தார். அதே ஆண்டு பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கு இயற்பியல் துறையை நடத்தி வந்த சர் சி. வி. இராமன் இவருடைய திறமையைக் கண்டு தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். இம்மாற்றம் இவருடைய வாழ்வின் போக்கையே மாற்றியது.

பெங்களூரும் கேம்பிரிட்ஜும்

இராமனின் ஆய்வகத்தில் வைரம் முதலிய படிகங்களை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தார். படிகத்தின் வழியே செல்லும் எக்ஸ்-கதிர்கள், அதனுள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ள அணுக்களால் பல திசைகளில் சிதறி, ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளாகப் பதிகின்றன. அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கொண்டு அணுக்களின் அடுக்கை உய்த்துணர்வதே எக்ஸ்-கதிர்ப் படிகவியல் ஆகும். பெங்களூரில் செய்த ஆய்வுகளுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகம் இவருக்கு 1947 ஆம் ஆண்டு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேவண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டர் என்பவரின் வழிகாட்டலில் ஆய்வு செய்து, மேலும் ஒரு முனைவர் பட்டம் பெற்றார். படிகங்களில் எக்ஸ்-கதிர்கள் விரவிச் சிதறுவதைக் கொண்டு அவற்றின் மீட்சிப் பண்புகளை அளப்பதே அங்கு இவர் எடுத்துக்கொண்ட பொருள். அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கை இக்காலத்தில்தான் இவர் சந்தித்தார். புரதச் சங்கிலிகளை மாதிரி அமைத்து ஆராய்வது பற்றிப் பாலிங் ஆற்றிய உரைகள் இவரைப் பெரிதும் கவர்ந்தன.

புரத மாதிரிகள்: பின்னணி

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி ஆகும். இச்சங்கிலி ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்பச் சுருண்டோ மடிந்தோ அமையும் வடிவங்களை இரண்டாம் நிலைக் கட்டமைப்பு என்பர். இழை வடிவப் புரதங்கள் தரும் எக்ஸ்-கதிர்ப் படங்களில் புள்ளிகள் மிகக் குறைவு. அவற்றிலிருந்து மட்டும் ஒவ்வோர் அணுவின் இடத்தையும் கணக்கிட்டுவிட இயலாது. எனவே ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர். சிறு மூலக்கூறுகளிலிருந்து அறியப்பட்ட பிணைப்பு நீளங்களையும் கோணங்களையும் கொண்டு முதலில் ஒரு மாதிரியை அமைப்பர். பிறகு அம்மாதிரி எத்தகைய எக்ஸ்-கதிர்ப் படத்தைத் தரும் என்று கணக்கிட்டு, உண்மையான படத்தோடு ஒப்பிடுவர்.

இம்முறையின் பெருவெற்றி ஆல்பா சுருள் ஆகும். இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் அமைந்தவை என்பதைப் பாலிங் அறிந்திருந்தார். 1948 ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது, ஒரு தாளில் சங்கிலியை வரைந்து அதை மடித்துப் பார்த்தே ஆல்பா சுருளின் வடிவை அவர் கண்டார். ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் கொண்ட இச்சுருளைப் பாலிங், கோரே, பிரான்சன் ஆகிய மூவரும் 1951 ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிராக், கெண்ட்ரூ, பெரூட்சு ஆகியோர் வெளியிட்ட பல மாதிரிகளில் பெப்டைடு தளம் தட்டையாக இருக்கவேண்டும் என்ற விதி கடைப்பிடிக்கப்படவில்லை. ஆகவே சரியான சுருள் அவர்களுக்கு அகப்படவில்லை. மாதிரி அமைப்பவர் எந்த விதிகளை மீறக்கூடாது என்று முடிவு செய்கிறாரோ, அதைப் பொறுத்தே மாதிரியின் தரமும் அமையும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில்

1949 ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய இராமச்சந்திரன் சிறிது காலம் இந்திய அறிவியல் கழகத்தில் துணைப் பேராசிரியராக இருந்தார். அப்போது சென்னைப் பல்கலைக்கழகம் புதிதாக ஓர் இயற்பியல் துறையை உருவாக்க முனைந்திருந்தது. துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரிடம் இராமன் இவருடைய பெயரைப் பரிந்துரைத்தார். 1952 ஆம் ஆண்டு, முப்பது வயது நிரம்பும் காலத்தில், இவர் கிண்டி வளாகத்தில் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பொறுப்பேற்றார். எக்ஸ்-கதிர் ஆய்வகம் ஒன்றை ஏறத்தாழ வெறுமையிலிருந்து உருவாக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற படிகவியலாளர் பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்புக்கு அதுவரை சொல்லப்பட்ட மாதிரிகள் எவையும் நிறைவளிக்கவில்லை என்று உரையாடலின்போது அவர் சுட்டிக்காட்டினார். பாலிங்கும் கோரேயும் 1951 ஆம் ஆண்டு கொலாஜனுக்கு வெளியிட்டிருந்த மாதிரியும் எக்ஸ்-கதிர்ப் படத்தோடு பொருந்தவில்லை. இச்சிக்கலைத் தம் புதிய ஆய்வகத்தின் முதல் பெரும்பணியாக இராமச்சந்திரன் ஏற்றுக்கொண்டார்.

கொலாஜனைத் தேடித் தொலைவு செல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் அண்மையிலேயே 1948 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. விலங்குத் தோலின் பெரும்பகுதி கொலாஜனே என்பதால் அந்நிலையத்தில் பல்வேறு மாதிரிப்பொருள்கள் கிடைத்தன. அவற்றுள் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் தெளிவான எக்ஸ்-கதிர்ப் படங்களைத் தந்தது. இப்பணியில் இவருடன் ஈடுபட்டவர் கோபிநாத் கர்த்தா ஆவார்.

முச்சுருள் மாதிரி

கொலாஜனின் வேதியியல் பகுப்பாய்வு ஒரு முக்கியக் குறிப்பைத் தந்தது. எந்த விலங்கிலிருந்து எடுத்தாலும் அதன் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசினாகவே இருந்தது. கிளைசின் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது. அதன் பக்கக்கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான். எஞ்சியவற்றில் புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் ஆகியவை மிகுதியாக இருந்தன. இவ்விரண்டும் வளைய அமைப்புடையவை. சங்கிலி விருப்பம்போல் திரும்புவதை இவ்வளையங்கள் தடுக்கின்றன.

சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் தவறாமல் வருகிறது என்று இராமச்சந்திரனும் கர்த்தாவும் கருதினர். அப்படியாயின், கிளைசினைத் தவிர வேறு எதற்கும் இடம் இல்லாத ஒரு குறுகிய பகுதி இவ்வமைப்பினுள் இருக்கவேண்டும். ஒரு சுற்றுக்கு மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று சுருள்களை அருகருகே நிறுத்தினால், ஒவ்வொரு சுருளின் கிளைசினும் நடுவிலுள்ள அச்சை நோக்கி அமையும். பெரிய பக்கக்கிளைகள் வெளிப்புறம் நீண்டிருக்கும். அண்டைச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இணைத்து நிறுத்தும். பந்து-குச்சி மாதிரிகள் கொண்டு அமைக்கப்பட்ட இந்த அமைப்பை 1954 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நேச்சர் இதழில் இருவரும் வெளியிட்டனர்.

எனினும் இம்மாதிரியில் ஒரு குறை இருந்தது. எக்ஸ்-கதிர்ப் படங்கள் ஒரு சுற்றுக்கு மூன்று அல்ல, மூன்றே கால் முதல் மூன்றரைக்குள் அடங்கும் ஓர் எண்ணையே காட்டின. துல்லியமாகச் சொன்னால், மூன்று சுற்றுக்குப் பத்து அலகுகள் என்னும் சமச்சீர் தேவைப்பட்டது. இதை நிறைவு செய்ய, நேராக நின்ற மூன்று சுருள்களையும் ஒரு பொது அச்சைச் சுற்றி மெல்ல முறுக்கினர். நிலவு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே புவியையும் சுற்றி வருவதால் அதன் ஒரே முகம் எப்போதும் புவியை நோக்கி இருக்கிறது. அதுபோல இம்முறுக்கிய அமைப்பிலும் ஒவ்வொரு சங்கிலியின் கிளைசின் பக்கம் எப்போதும் நடு அச்சை நோக்கியே இருக்கும். தனிச்சங்கிலிகள் இடப்புறமாகச் சுருள்கின்றன. மூன்றும் சேர்ந்த புரி வலப்புறமாக முறுக்குகிறது. கயிறு திரிப்போர் இழைகளை ஒரு திசையிலும் புரிகளை எதிர்த்திசையிலும் முறுக்குவதை இது ஒத்தது. முறுக்கு எளிதில் பிரியாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். சுருள்மேல் சுருள் என்னும் இந்தத் திருத்திய மாதிரி 1955 ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியாயிற்று.

மறுப்பும் விவாதமும்

1955 ஆம் ஆண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் கொலாஜனுக்கு மற்றொரு மாதிரியை வெளியிட்டனர். டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருளை 1953 ஆம் ஆண்டு வாட்சனுடன் இணைந்து கண்டறிந்தவர் இதே கிரிக் ஆவார். மூன்று சங்கிலிகள், மூன்றில் ஒன்று கிளைசின், சுருள்மேல் சுருள் ஆகிய அடிப்படைகள் அனைத்தும் அவர்களது மாதிரியிலும் அப்படியே இருந்தன. வேறுபாடு நுணுக்கங்களில் இருந்தது. சென்னை மாதிரியில் ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருந்தன. ரிச்–கிரிக் மாதிரியில் ஒன்றே இருந்தது. இரண்டாவது பிணைப்பை அமைக்கும்பொருட்டுச் சென்னை மாதிரியில் சில அணுக்கள் இயற்கையில் இயலாத அளவுக்கு நெருக்கப்பட்டுள்ளன என்பது அவர்களது மறுப்பாகும்.

பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் ஓர் எல்லைக்கு மேல் நெருங்கினால் ஒன்றையொன்று விலக்கும். ஆனால் அந்த எல்லை எது? அது பற்றி அன்று வழங்கிய அளவுகள் ஒருவருக்கொருவர் மாறுபட்டன. ஒருவர் ஏற்கத்தக்கது என்று கருதிய இடைவெளியை மற்றொருவர் மிகக் குறைவு என்றார். உறுதியான அளவுகோல் இல்லாத நிலையில் இவ்விவாதத்தை முடிவுக்குக் கொண்டுவர இயலாது. இராமச்சந்திரன் தம் மாதிரிக்காக மட்டும் வாதிடாமல், அந்த அளவுகோலையே தேடத் தொடங்கினார். இம்முடிவு இவரது அறிவியல் வாழ்வின் திருப்புமுனை எனலாம்.

இராமச்சந்திரன் வரைபடம்

அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் முதலியவற்றின் படிக அமைப்புகளுள் அதுவரை வெளியானவற்றை இராமச்சந்திரனின் குழு தொகுத்து ஆராய்ந்தது. ஒவ்வோர் இணை அணுக்களும் உண்மையில் எவ்வளவு நெருங்கி அமைந்துள்ளன என்று பட்டியலிட்டது. அதிலிருந்து இரு வகை எல்லைகள் வரையறுக்கப்பட்டன. வழக்கமாகக் காணப்படும் குறைந்த இடைவெளி ஒன்று; அரிதாகக் காணப்படும், அதற்கும் கீழே செல்லக்கூடாத வெளி எல்லை மற்றொன்று. எடுத்துக்காட்டாக, கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே வழக்கமான எல்லை 2.8 ஆங்ஸ்ட்ராம், வெளி எல்லை 2.7 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஆகும்.

அடுத்த படி இவ்வெல்லைகளைப் புரதச் சங்கிலிக்குப் பொருத்துவது. பெப்டைடு தளம் தட்டையானது, வளையாதது. ஆகவே சங்கிலியை, ஒன்றோடொன்று முனையில் இணைக்கப்பட்ட அட்டைகளின் வரிசையாகக் கருதலாம். இரண்டு அட்டைகள் சேரும் மூலையில் ஆல்பா கார்பன் என்னும் அணு உள்ளது. அம்மூலையில் இருவகைச் சுழற்சிகளே இயலும். நைட்ரஜனுக்கும் ஆல்பா கார்பனுக்கும் இடையிலான பிணைப்பைச் சுற்றிய சுழற்சி ஃபை எனவும், ஆல்பா கார்பனுக்கும் அடுத்த கார்பனுக்கும் இடையிலான பிணைப்பைச் சுற்றிய சுழற்சி சை எனவும் குறிக்கப்படுகின்றன. எவ்வளவு நீண்ட சங்கிலியானாலும், ஒவ்வொரு மூலையிலும் இவ்விரு கோணங்களைச் சொல்லிவிட்டால் அதன் முதுகெலும்பின் வடிவம் முழுவதும் தெரிந்துவிடும்.

இராமச்சந்திரன், ச. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் இவ்விரு கோணங்களையும் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்களுக்கு இடையிலான தொலைவுகளைக் கணக்கிட்டனர். எந்த இணையாவது எல்லையை மீறி நெருங்கினால் அந்நிலை விலக்கப்பட்டது. கணினி வசதி மிக அரிதாக இருந்த காலத்தில் இது பெரும் உழைப்பைக் கோரிய பணியாகும். ஒரு கோணத்தைக் கிடை அச்சிலும் மற்றதை நிலை அச்சிலும் குறித்து, ஏற்கத்தக்க நிலைகளை எல்லைக்கோடிட்டுக் காட்டியபோது வியப்பான முடிவு கிடைத்தது. கிளைசின் அல்லாத அமினோ அமிலங்களுக்கு, மொத்தப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான இடமே ஏற்கத்தக்கதாக இருந்தது. எண்ணற்ற வடிவங்களை எடுக்கக்கூடியது போலத் தோன்றும் சங்கிலிக்கு, உண்மையில் சில சிறு தீவுகளே வாழிடம்.

1963 ஆம் ஆண்டு மூலக்கூற்று உயிரியலுக்கான ஆய்விதழில் வெளியான இக்கட்டுரை சில பக்கங்களே கொண்டது. ஆல்பா சுருள், பீட்டா தாள், கொலாஜன் சுருள் ஆகிய அனைத்தும் ஏற்கத்தக்க தீவுகளுக்குள்ளேயே விழுந்தன. இன்றைய குறியீட்டு முறைப்படி ஆல்பா சுருளின் கோணங்கள் ஏறத்தாழ −57, −47 பாகைகள். பீட்டா தாளுக்கு அவை −120, +120 பாகைகளை ஒட்டியவை. பக்கக்கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் ஏற்கத்தக்க பரப்பு மிகப் பெரிதாக இருந்தது. சங்கிலி கூர்மையாகத் திரும்பும் இடங்களில் கிளைசின் அடிக்கடி காணப்படுவதன் காரணம் இதனால் விளங்கிற்று.

வரைபடத்தை மாதிரி கொண்டு அறிதல்

இவ்வரைபடத்தின் அடிப்படையை மாணவர்கள் எளிய மாதிரி கொண்டும் அறியலாம். ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு சென்டிமீட்டர் என்னும் அளவில், தடித்த அட்டையில் பெப்டைடு தளங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அட்டையின் இரு முனைகளிலும் உள்ள ஆல்பா கார்பன்களுக்கு இடையே 3.8 சென்டிமீட்டர் தொலைவு இருக்கவேண்டும். அட்டையின் ஒரு பக்கம் ஆக்சிஜனும், எதிர்ப்பக்கம் நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜனும் நீட்டிக்கொண்டிருக்கும்படி வரையவேண்டும். அடுத்தடுத்த அட்டைகளை, பிணைப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 110 பாகை இருக்குமாறு வளைத்த கம்பியால் இணைத்தால், இரு அட்டைகளும் தனித்தனியே சுழலும்.

எல்லா மூலைகளிலும் ஒரே இரு கோணங்களை வைத்தால் சங்கிலி தானாகவே ஒரு சுருளாக அமைவதைக் காணலாம். ஆல்பா சுருளுக்கு உரிய கோணங்களை வைக்கும்போது ஒவ்வொரு ஆக்சிஜனும் நான்கு இடம் தள்ளியுள்ள ஹைட்ரஜனை நோக்கி வந்து சேரும். வேறு பல கோணங்களில் அட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அவ்வாறு முட்டும் கோணங்களே வரைபடத்தில் வெற்றிடமாக விடப்பட்ட பகுதிகள் ஆகும்.

பிற ஆய்வுகள்

புரதங்கள் தவிர வேறு துறைகளிலும் இராமச்சந்திரன் குறிப்பிடத்தக்க பங்களிப்புகளைச் செய்துள்ளார். எக்ஸ்-கதிர்ப் படிகவியலில் அலைகளின் கட்டத்தை அறிவது தீராத சிக்கலாக இருந்து வந்தது. சில அணுக்களின் இயல்பு மீறிய சிதறலைக் கொண்டு அதனைத் தீர்க்கும் வழியை 1956 ஆம் ஆண்டு எஸ். இராமனுடன் இணைந்து வெளியிட்டார். ஆர். சீனிவாசனுடன் இணைந்து படிகவியலில் ஃபூரியே முறைகள் பற்றிய நூல் ஒன்றை 1970 ஆம் ஆண்டு எழுதினார்.

1971 ஆம் ஆண்டு ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து வெளியிட்ட கட்டுரை மருத்துவத்துறைக்குப் பயனுடையதாக அமைந்தது. ஒரு பொருளைப் பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களைக் கொண்டு அதன் உட்பகுதியை மீண்டும் உருவாக்க, ஃபூரியே மாற்றங்கள் இல்லாமலேயே விரைவாகக் கணக்கிடும் வழியை இவர்கள் காட்டினர். இம்முறை கணினி வழி உடல் வெட்டுப் படங்களை உருவாக்குவதில் பின்னர் பரவலாகப் பயன்பட்டது.

மீண்டும் பெங்களூர்

இராமச்சந்திரன் சென்னையில் பணியாற்றிய காலத்தில் அங்குள்ள துறை உலக அளவில் அறியப்பட்டது. புரத அமைப்பு பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்குகள் 1963, 1967 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் நடைபெற்றன. 1968 ஆம் ஆண்டு சசிசேகரனுடன் இணைந்து எழுதிய நீண்ட மீள்பார்வைக் கட்டுரை, புரத வடிவங்களைப் பயில்வோருக்கு அடிப்படைப் பாடமாக விளங்கிற்று. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் சில காலம் பேராசிரியராக இருந்தார்.

1970 ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையை விட்டு நீங்கி, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். பிற்காலத்தில் கணிதத் தருக்கத்தில் நாட்டம் கொண்டு, இந்திய மெய்யியல் மரபில் உள்ள தருக்கமுறைகளை அணிகளும் திசையன்களும் கொண்டு விளக்க முயன்றார். சென்னையில் இவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தா அமெரிக்காவிற்குச் சென்று, ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியத்தின் முப்பரிமாண அமைப்பைப் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் இணைந்து 1967 ஆம் ஆண்டு கண்டறிந்தார்.

கொலாஜன் விவாதத்தின் முடிவு

கொலாஜனை ஒத்த சிறு பெப்டைடு ஒன்றின் படிக அமைப்பு 1994 ஆம் ஆண்டு துல்லியமாகக் கண்டறியப்பட்டது. முச்சுருள் அமைப்பும், நடு அச்சில் கிளைசின் அமைவதும் அதில் நேரடியாகக் காணப்பட்டன. சங்கிலிகளுக்கு இடையே நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்றே இருந்தது. இந்த நுணுக்கத்தில் ரிச்–கிரிக் மாதிரியே சரியாக இருந்தது. எனினும் நீர் மூலக்கூறுகளின் வழியாகவும் பிணைப்புகள் அமைந்திருப்பது அதில் காணப்பட்டது. அத்தகைய நீர்வழிப் பிணைப்பு இருக்கக்கூடும் என்பதை இராமச்சந்திரன் 1960களின் இறுதியிலேயே முன்மொழிந்திருந்தார். இவ்வாறு, அடிப்படை அமைப்பைக் கண்ட பெருமை சென்னைக்கும், அதன் ஒரு நுணுக்கத்தைத் திருத்திய பெருமை கேம்பிரிட்ஜுக்கும் உரியதாகிறது.

மூன்றாம் இடத்தில் கிளைசின் மட்டுமே பொருந்தும் என்ற முடிவு மருத்துவத்திலும் உறுதிப்பட்டது. எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோயாளர் பலரிடம், கொலாஜன் சங்கிலியில் ஒரே ஒரு கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஓரிடம் மாறினாலும் முச்சுருள் அங்கு சரிவர முறுக்கிக்கொள்ள இயலாமல் போகிறது. உயிர்ச்சத்து சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயும் கொலாஜனோடு தொடர்புடையதே. ஹைட்ராக்சிபுரோலின் உருவாக அச்சத்து தேவைப்படுகிறது. அது இல்லாதபோது முச்சுருள் உறுதி இழக்கிறது.

விருதுகளும் சிறப்புகளும்

1961 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருது இவருக்கு வழங்கப்பட்டது. 1977 ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு 1999 ஆம் ஆண்டு இவருக்கு அளிக்கப்பட்டது. படிகவியல் துறையில் வழங்கப்படும் மிக உயர்ந்த பரிசுகளுள் இதுவும் ஒன்றாகும். நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை.

மறைவும் நினைவும்

இராமச்சந்திரனின் மனைவி இராஜலட்சுமி 1998 ஆம் ஆண்டு மறைந்தார். இறுதி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் துன்புற்ற இராமச்சந்திரன், ஏப்ரல் 7, 2001 அன்று சென்னையில் தமது 78 ஆம் வயதில் காலமானார். இவருடைய மகன் இரமேஷ் நாராயண் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வானியற்பியலாளராகப் பெயர் பெற்றவர். கொலாஜன் ஆய்வின் நினைவாக நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள ஓர் அரங்கிற்கு முச்சுருள் அரங்கம் எனப் பெயரிடப்பட்டுள்ளது.

1963 ஆம் ஆண்டு வரைபடம் வெளியானபோது, அணுக்களின் இடம் தெரியும் அளவுக்கு அமைப்பு கண்டறியப்பட்டிருந்த புரதம் கெண்ட்ரூவின் மயோகுளோபின் ஒன்றே. உலகப் புரதத் தரவு வங்கியில் 2023 ஆம் ஆண்டு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்திருந்தன. ஒரு புதிய அமைப்பு ஆய்விலிருந்து பெறப்பட்டாலும், கணினியால் கணிக்கப்பட்டாலும், அதன் கோணங்களை இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுப் பார்ப்பது வழக்கமான சோதனைகளுள் ஒன்றாக நிலைபெற்றுள்ளது. புள்ளிகள் தீவுகளுக்கு வெளியே பெருமளவில் சிதறிக் கிடந்தால், அந்த அமைப்பில் எங்கோ பிழை இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் மீண்டும் தம் கணக்கைச் சரிபார்க்கின்றனர்.